சரளைப் பாதையின் பூர்வீகம்



பிரான்சின் கிராமப்புறத்தில் கிராவல் (சரளை) சைக்கிளுக்கென்றே போட்ட பாதை மிகக் குறைவு. அங்கே ஓட்டுகிறவர்கள் போவதெல்லாம் வேறு வேலைக்காகப் பிறந்த வழிகளில். படகை இழுத்த குதிரை நடந்த கால்வாய்க் கரை, தண்டவாளம் பிடுங்கப்பட்ட ரயில் தடம், திராட்சைத் தோட்டத்துக்குப் போன வண்டிப்பாதை, ஆட்டு மந்தை மலையேறிய சுவடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அது தெரிந்தவருக்குப் பாதையின் ஏற்றமும் வளைவும் தரையும் நிழலும் போகும் முன்பே பாதி புலப்பட்டுவிடும். செல்பேசித் திரையில் ஓடும் கோடு இதைச் சொல்லாது. முதன்முறை போகிறவர் வழியைத் தீர்மானிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்தப் பாதையை யார், எதற்காகப் போட்டார்கள் என்பதுதான்.

தெற்கே துலூஸ் நகரில் தொடங்கும் கனால் து மிதி கால்வாய் இதற்கு நல்ல பாடம். உப்பு வரி வசூலித்துப் பொருள் சேர்த்த பியேர்-போல் ரிக்கே 1666இல் தொடங்கிய வேலை அது. அவர் 1680இல் இறந்தார்; மறு ஆண்டு கால்வாய் திறக்கப்பட்டது. மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளம். துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் அளவுக்குக் கரையில் தார் போட்டிருக்கிறார்கள். குழந்தையோடு போகும் குடும்பங்களுக்கு அது சொர்க்கம், சரளையைத் தேடி வந்தவருக்கோ சலிப்பு. அதைத் தாண்டி ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்தால் மண் தொடங்குகிறது. செப்பனிட்ட பகுதிகள் இடையிடையே வந்தாலும் பல இடங்களில் ஒற்றையடித் தடமும் குறுக்கே புடைத்த மர வேர்களும்தான். சமதளம் என்பதால் எளிது என்று எண்ணி ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் திட்டமிடுகிறவர், வேர்கள் குலுக்கிய குலுக்கலில் கை மரத்துப்போய் 70இல் நின்றுவிடுவார்.

பெசியே நகரத்துக்கு மேற்கே இந்தக் கால்வாய் ஏறத்தாழ 54 கிலோமீட்டருக்கு ஒரே மட்டத்தில் ஓடுகிறது. படகை ஏற்றி இறக்கும் லாக் ஒன்றுகூட இடையில் இல்லை. மட்டம் மாறாதிருக்க வேண்டுமானால் மலைச்சரிவின் ஒவ்வொரு மடிப்பையும் சுற்றித்தான் வர வேண்டும். அதனால் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் மணிக்கூண்டை அடையவே வெகுநேரம் பிடிக்கும். வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நேர்கோடு போட்டுத் தூரம் கணிக்கிறவர் ஏமாறும் இடம் இது.

கரையை நிழலால் மூடிய பிளாட்டேன் மரங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் நட்டவை. 2006இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அதற்கு மருந்து இல்லை. பரவாமல் தடுக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்தார்கள். வேறு இன மரங்களை நட்டுவருகிறார்கள், ஆனால் அவை குடை விரிக்க ஒரு தலைமுறை ஆகும். பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு ஜூலை மாதத்தில் கிளம்புகிறவர் மொட்டை வெயிலில் மணிக்கணக்காக ஓட்ட நேரிடும். அந்த மரங்கள் நின்ற இடத்தைக் கடக்கும்போது மனம் கனக்காமல் இருக்காது. மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் ஆகியவையே ஏற்ற காலம்.

இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு நாள் கிடைக்கிறது என்றால் கால்வாயைக்கூட விட்டுவிடலாம், அதன் வரத்துக்காலை விடக் கூடாது. மழைநீர் ஒருபுறம் அட்லாண்டிக்குக்கும் மறுபுறம் மத்தியதரைக் கடலுக்கும் பிரியும் நோரூஸ் மேடு சுமார் 190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மேட்டில் நிற்கும் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் ரிக்கேவுக்கு முன் பலரையும் தடுத்து நிறுத்திய கேள்வி. அவர் கருமலை என்று பொருள்படும் மொந்தாஞ் நுவார் மலையின் ஓடைகளைத் திருப்பி, 1667 முதல் 1672 வரை சென்-ஃபெரியோலில் மண்ணணை கட்டி, நோரூஸுக்கு வாய்க்கால் வெட்டினார். அதில் சமவெளி வாய்க்கால் எனப்படும் பகுதி 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நோரூஸிலிருந்து ரெவெல் ஊர் வரை தண்ணீரை எதிர்த்து ஓட்டினாலும் ஏற்றம் தெரியவே தெரியாது, ஏனென்றால் தண்ணீர் மெல்ல வழிந்து இறங்கும் அளவுக்கு மட்டுமே சரிவு வைத்து வெட்டியது அது. ரெவெலிலிருந்து அணைக்குப் போகும் ஏற்றம்தான் காலைச் சோதிக்கும். அதற்கும் மேலே காட்டுக்குள் மலை வாய்க்கால் தொடர்கிறது. பீச் மர நிழலில், காலடியில் நீரோசையோடு போகும் குறுகிய தடம் அது. நடந்து வருகிறவர்கள் அதிகம், சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டும்.

மலையைத் தாண்டி மசாமே ஊருக்கு இறங்கினால் பாதையின் பூர்வீகம் மாறுகிறது. அங்கிருந்து பெதாரியு வரை 75 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாசா பாயிஸ், பழைய ரயில் தடம். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது, திடீரென்று வளையவும் வளையாது. ஆகவே ஏற்றம் நீளமாகவும் மென்மையாகவும் இருக்கும். பள்ளம் வந்தால் பாலம், குன்று வந்தால் சுரங்கம். சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிர் உறைக்கும், ஒரு மெல்லிய சட்டையும் முன்விளக்கும் கைவசம் வேண்டும்.

விவசாயப் பாதைகளில் கவனம் கூடுதலாகத் தேவை. ஊராட்சிக்குச் சொந்தமான பாதையில் எவரும் போகலாம். நிலத்துக்காரர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட பாதையில் அவர்கள் வெளியாரைத் தடுக்கலாம். தரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தடுப்புப் பலகை இருந்தால் திரும்பிவிடுவதுதான் முறை. திறந்த படலைத் திறந்தபடியும் மூடிய படலை மூடியும் விட்டுப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தபோது எத்தனையோ வழிகள் உழவில் மறைந்தன. அதனால்தான் பெருவயல் சமவெளிகளைவிடச் சிறு தோட்டங்களும் மேடுபள்ளங்களும் நிறைந்த இடங்களில் பாதை வலை அடர்த்தியாக மிஞ்சியிருக்கிறது. பிரான்சின் தேசிய வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் இந்த அடர்த்தி கண்ணுக்கு நேராகத் தெரியும். திட்டமிடும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. துலூஸுக்குக் கிழக்கேயுள்ள லொராகே பகுதியில் களிமண் நிலம். மழை பெய்த மறுநாள் அந்த வயல்வழியில் இறங்கினால் சக்கரம் சுற்றாமல் மண் அப்பிக்கொள்ளும், அன்று கால்வாய்க் கரையே கதி.

இன்னும் கிழக்கே செவென் மலைகளில் த்ராய் எனப்படும் ஆட்டுத் தடங்கள் உண்டு. ஆடுகளுக்குச் சரிவும் கல்லும் பொருட்டல்ல, ஆகவே அவை முகடு பிடித்து நேராக ஏறும். பல இடங்களில் சைக்கிளைத் தள்ளித்தான் போக முடியும். மேய்ச்சல் நிலங்களில் மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய் பாய்ந்து வந்தால் வேகமாக ஓட்டித் தப்ப முயலக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசியபடி மந்தையைச் சுற்றி நடந்தால் நாய் அமைதியாகும்.

வண்டிக்கு 40 முதல் 45 மில்லிமீட்டர் டயர் போதும். ட்யூப்லெஸ் நல்லது, என்றாலும் ஒரு மாற்று டியூபும் பஞ்சர் சாமானும் பையில் இருக்கட்டும். காற்றை இறுக்க அடைத்தால் வேர்களில் உடம்பு நொந்துபோகும். பல்சக்கர எண்ணிக்கையைவிட மிகத் தாழ்ந்த கியர் ஒன்று இருப்பதே முக்கியம். துலூஸுக்கும் கார்கசோனுக்கும் இடையே காற்று பலமாக வீசும், தென்கிழக்கிலிருந்து ஓதான், எதிர்த்திசையிலிருந்து செர்ஸ். எந்தப் பக்கம் தொடங்குவது என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் அலட்சியம் ஆகாது. கிராமத்துக் கடைகள் நண்பகல் 12 மணிக்கு மூடினால் 2 மணிக்கு மேல்தான் திறக்கும், திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிவிட வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தேடலாம், பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்ற அறிவிப்பு இல்லையா என்று பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். பாதையோரம் வேட்டை நடக்கிறது என்ற பலகை கண்டால் காட்டுக்குள் நுழையாமல் தார்ச்சாலைக்கு மாறிவிட வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணிவது உயிர்க்காப்பு. கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் சில காடுகளை மாவட்ட நிர்வாகமே மூடிவிடும். அவசர உதவிக்கு எண் 112.

திரும்பும் வழிக்கு ரயில். பெதாரியுவிலிருந்து பெசியேவுக்கும், அங்கிருந்து கார்கசோன் வழியாகத் துலூஸுக்கும் வட்டார ரயில்கள் ஓடுகின்றன. அவற்றில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். இடம் குறைவு என்பதால் கோடை வார இறுதிகளைத் தவிர்ப்பது நல்லது. அதிவேக டிஜிவியில் போவதானால் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.