பாறைகளின் வயதை அறியும் முறைகள்

பாறையொன்றின் வயதை அதன் தோற்றத்தைக் கொண்டு நிர்ணயித்தல் இயலாது. ஆயின், அதிலுள்ள கனிமங்களில் அடங்கிய கதிரியக்கப் பொருள்கள் மாறாத வேகத்தில் சிதைந்து வேறு பொருள்களாகின்றன. தாய்ப்பொருள், சேய்ப்பொருள் ஆகிய இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டால் கனிமம் உருவான காலம் புலனாகும். எனினும் எல்லா முறைகளும் ஒரே விடையை அளிப்பதில்லை. இதற்குத் தக்காணத்தின் கரும்பாறைகள் தக்க சான்றாகும்.

மகாராஷ்டிரத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. இவ்வடுக்குகளின் வயதை அறியப் பொட்டாசியம்–ஆர்கான் முறையே முதலில் பெரிதும் கையாளப்பட்டது. பொட்டாசியம் 40-இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 125 கோடி ஆண்டுகள். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாக மாறுகிறது. பாறை மீண்டும் சூடேறினாலோ, நீரால் சிதைவுற்றாலோ அவ்வாயு கசிந்துவிடும். அப்பொழுது பாறை உண்மையினும் இளையதாகத் தோன்றும். பழைய ஆர்கான் உள்ளே தங்கிவிட்டாலோ, முதியதாகத் தோன்றும். ஆகவே, இம்முறையில் கிடைத்த வயதுகள் 3 கோடி முதல் 8 கோடி ஆண்டுகள் வரை சிதறிக் கிடந்தன.

1960-களில் வகுக்கப்பட்ட ஆர்கான்–ஆர்கான் முறை இக்குறையை வெளிப்படுத்த உதவுகிறது. கனிமத்தை அணு உலையில் வைத்துப் பொட்டாசியத்தின் ஒரு பகுதியை ஆர்கான் 39 ஆக மாற்றுவர். பின்னர்ப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் வெளிப்படும் வாயுவை அளப்பர். பல படிகளிலும் ஒரே வயது கிடைத்தால் அது நம்பத்தக்கது. இம்முறையால் தக்காணப் பாறைகளின் வயது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் எனத் தெளிவாயிற்று.

யுரேனியம்–ஈயம் முறையில் ஸிர்க்கான் படிகங்கள் பயன்படுகின்றன. அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தைப் பெரும்பாலும் விலக்குகின்றன. மேலும், யுரேனியம் 238, 235 ஆகிய இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால் ஒரே படிகத்தில் இரு கணக்குகள் கிடைக்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம். கரும்பாறையில் ஸிர்க்கான் அரிதாகையால், அடுக்குகளுக்கு இடையே படிந்த எரிமலைச் சாம்பலிலிருந்து அதனை எடுத்தனர்.

2019-இல் இவ்விரு முறைகளின் முடிவுகளும் ஒருங்கே வெளியாயின. குழம்பின் பெரும்பகுதி சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்குள் வெளிவந்தது என்பதில் இரண்டும் ஒத்தன. ஆனால், டைனோசர்கள் அழிந்த காலத்திற்குச் சற்று முன்னர் ஒரு பெருவெள்ளம் பாய்ந்ததென்று ஸிர்க்கான் ஆய்வு கூறிற்று. குழம்பின் பெரும்பகுதி அவ்வழிவிற்குப் பின்னரே வெளிவந்ததென்று ஆர்கான் ஆய்வு கூறிற்று. காரணம் விளைவிற்கு முந்தியிருத்தல் வேண்டும். ஆதலின், அவ்வழிவில் எரிமலைகளுக்குள்ள பங்கு, சில பதினாயிரம் ஆண்டுகளைச் சரியாக அளப்பதையே பொறுத்துள்ளது. வயதைக் கூறும் எண்ணுடன், அளந்த கனிமம் எது, முறை யாது, பிழையின் எல்லை எவ்வளவு என்பனவற்றையும் மாணவர் கேட்டறிதல் இன்றியமையாதது.