நாலு கதவு ஹாலும் நண்பர்கள் கையும்

சென்னையில் பாடி, கொரட்டூர், மண்ணூர்பேட்டை பக்கத்துப் பழைய போர்ஷன் வீடுகளில் ஹால் என்பது பாதி நடைவழி. வாசல், படுக்கையறை, சமையலறை, பாத்ரூம் என நாலு கதவும் அதற்குள்தான் திறக்கும். சோபா போட முழுசாக ஒரு சுவர் கிடைக்காது. ஆனால் இந்த ஊருக்கு ஒரு பலம் உண்டு. 1960-களில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இங்கே அக்கம்பக்கத்துக்காரர்கள். அளவு தெரிந்த நண்பர் ஒருவராவது உங்களுக்கும் இருப்பார். ஹாலைச் சரிசெய்ய அவரைக் கூப்பிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் ஹாலைக் காலி செய்யுங்கள். நண்பர்களை வாசலிலிருந்து சமையலறைக்கும், படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்கும் இயல்பாக நடக்கச் சொல்லி, கால் போகும் வழியைச் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். நமக்குப் பழகிப்போன இடைஞ்சல் புதிதாக வருகிறவர் காலில்தான் இடிக்கும். அந்த வழிக்கு இரண்டரை அடி ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் உட்காரும் இடம். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

• சோபா வாங்கும் முன் அதன் அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். மூன்று பேர் சோபா பெரும்பாலும் ஆறடிக்குக் குறையாது. பாடி ஜங்ஷன் கடைகளின் விசாலமான தளத்தில் அடக்கமாகத் தெரிவது, உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். படியையும் அளந்துகொண்டு போங்கள். பல வீடுகளுக்கு ஒரு திவானும் நாலு மடக்கு நாற்காலியும் போதும்.

• ஷெல்ஃப் மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பழைய சுவர்களைக் கண்ணால் நம்ப முடியாது.

• நண்பர்களின் ஷிஃப்ட் கேட்டு நாள் குறியுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரை ஏணியில் ஏற்றாதீர்கள். மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு.

செய்யக்கூடாதவை

• சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடக் கூடாது. சுவருக்குள் ஒயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் மேலே போகும். டிரில் பிடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மெயினை அணைத்த பிறகே எலக்ட்ரிக் வேலை.

• வாடகை வீடென்றால் ஓனரைக் கேட்காமல் ஒரு ஆணிகூட வேண்டாம்.

• பாத்ரூம் கதவுக்கு நேரெதிரே சோபா போடாதீர்கள். உட்கார்ந்தவரும் கூசுவார், உள்ளே போக வேண்டியவரும் கூசுவார்.

• நிறத்துக்கு ஆளுக்கொரு யோசனை கேட்காதீர்கள். பகல் முழுக்க அந்த ஹாலில் இருக்கப்போகிறவர் யாரோ, பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ, அவர் சொல்வதுதான் முடிவு. நண்பர்கள் தூக்க, அளக்க, அடிக்க வந்தவர்கள்.

• "இதைத் தூக்கிப் போடு மச்சான்" என்று யாராவது சொன்னதற்காக அப்பாவின் சாய்வு நாற்காலியை வெளியே தள்ளாதீர்கள். காற்று வரும் இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

• ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேண்டாம். ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் உரிந்து வரும். தை பிறந்து சுவர் காயட்டும்.

• தரைத்தளத்தில் மரத்தூள் பலகை டிவி ஸ்டாண்ட் வாங்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் பட்டால் அந்தப் பலகை ஊதிப்போகும். இரும்புக் கால் வைத்தது வாங்குங்கள். இன்வெர்ட்டரையும் தரையில் வைக்காமல் உயரமான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பேட்டரி கனமானது, அதைத் தூக்கவும் அதே நண்பர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.