வடசென்னையில் காணத்தக்க இடங்கள்

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பறந்து விடுகிறது. சென்னையைக் காண வருவோரும் மெரினாவையும் மயிலாப்பூரையும் மாமல்லபுரத்தையும் கண்டு திரும்பி விடுகின்றனர். பாரிமுனைக்கு வடக்கே வருவோர் மிகச் சிலரே. துறைமுகமும் தொழிற்சாலைப் புகையும் கன்டெய்னர் லாரிகளும்தாம் வடசென்னை என்ற எண்ணம் அவர்களுக்கு மட்டுமன்று, இங்கே பிறந்து வளர்ந்த நம்மிலும் பலருக்கு உண்டு. அவ்வெண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதை, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சில இடங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மதிலின் வரலாறு

பிரான்சு நாட்டின் மேற்கே பிரித்தானி என்னும் பகுதியில் சேன் மாலோ என்றொரு துறைமுக நகர் உண்டு. கடலோரம் எழுந்து நிற்கும் அதன் மதிலின்மேல் நடந்து பார்ப்பதற்கென்றே பயணிகள் ஆண்டுதோறும் திரளுகின்றனர். இரண்டாம் உலகப் போரில், 1944-ஆம் ஆண்டு, மதிலுக்குள் இருந்த நகரின் பெரும்பகுதி அழிந்தது. ஊரார் மனம் தளரவில்லை. பழைய தோற்றம் மாறாதபடி அதனை மீண்டும் கட்டி எழுப்பினர்.

அவ்வூரில் 1699-இல் பிறந்தவர் லா பூர்தொனே. 1746 செப்டம்பரில் கப்பற்படையுடன் வந்து சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியவர் அவரே. 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. எனினும் அச்சம் தீரவில்லை. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை மீண்டும் வந்து, கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள் புகுந்து, 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டது. அதன்பின் ஐதர் அலியின் படையும் நகரின் எல்லை வரை வந்து மிரட்டியது. இவற்றின் விளைவாகவே 1769-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் பென்பீல்டு என்பவரின் பொறுப்பில் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவுக்காக மக்களிடம் வரி வாங்கக் கருதினர். வரி கைக்கு வரவில்லை. 'வால்டாக்ஸ்' என்ற சாலைப் பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்து விட்டது!

அம்மதிலின் எஞ்சிய பகுதி பழைய ஜெயில் ரோட்டில் இன்றும் இருக்கிறது. அதன்மேல் அமைந்ததே மாடிப் பூங்கா. மைய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுள் இதுவும் ஒன்று. அங்கே அழிந்ததையும் கட்டி உலகுக்குக் காட்டுகின்றனர். இங்கே நிற்பதையும் நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வேறுபாடு கல்லில் இல்லை, காண்போர் கருத்தில்தான் இருக்கிறது.

இராயபுரம்

கிறித்தவத் தூதரான பேதுருவைத் தமிழில் இராயப்பர் என்பர். கடலோரப் படகு மக்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தாலேயே இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் அப்போது இல்லை. அது 1873-இல் தோன்றியது. பம்பாயிலும் வங்கத்திலும் இதற்கு முன் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் உருமாறிவிட, உயர்ந்த தூண்களோடு கூடிய இராயபுர நிலையமே இந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய நிலையக் கட்டடமாக மதிக்கப்படுகிறது.

பார்சி மக்களின் தீக்கோயிலும் இங்கே உண்டு. 1910-ஐ ஒட்டி எழுந்த இதனுள் பிற சமயத்தார் செல்லுதல் மரபன்று. வெளியே நின்று கண்டு வரலாம். அருகிலுள்ள இராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அப்பூங்கா இன்று அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சற்று வடக்கே காசிமேடு. விடியுமுன் சென்றால் விசைப்படகுகள் வந்தணைவதையும், மீன் ஏலம் விறுவிறுவென நடப்பதையும் காணலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமாதலால் அந்நாட்களில் விசைப்படகுகள் கரையில் ஓய்ந்திருக்கும்.

திருவொற்றியூர்

மூவர் தேவாரமும் பெற்ற திருத்தலம் இது. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழமரத்தின் கீழ்ச் சூளுரைத்ததும் இவ்வூர் வரலாறு. கருவறை தூங்கானை மாட வடிவினது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுப்பிக்கப்பட்டது. புற்றுருவான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்தினுள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் நீக்கப்பெறும்.

மாணவராகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கோயிலில் பாணினியின் இலக்கணத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதற்கு நிலமும் வழங்கப்பெற்றது. ஆலை வேலைக்குப் பெயர்பெற்ற இவ்வூர், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கல்விக்கும் பெயர்பெற்றிருந்தது.

கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடம் உள்ளது. சேன் மாலோவிலும் கடல் நடுவே ஒரு சிறு தீவில் சாத்தோபிரியான் என்ற எழுத்தாளரின் கல்லறை உண்டு. நீர் வடியும் வேளையில் பயணிகள் அங்கு நடந்தே செல்கின்றனர். பட்டினத்தாரை நாடிச் செல்ல நமக்கு அத்தனை இடர்ப்பாடும் இல்லை!

எண்ணூர்

கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் எண்ணூர். அலையாத்திச் செடிகளும், உப்பளங்களும், இறால் பிடிக்கும் மக்களும் ஒருபுறம். அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் மறுபுறம். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தபோது, மீனவரும் இளைஞரும் வாளிகளால் அதனை அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மீண்டும் கழிமுகத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது.

இத்தகைய இடத்தைச் சுற்றுலா இடமாகக் கூறலாமோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். அழகை மட்டும் காண்பது பொழுதுபோக்கு. ஓர் ஊரின் உழைப்பையும் துன்பத்தையும் சேர்த்துக் காண்பதே கல்வி. நாட்டுக்கு மின்சாரமும் வண்டிகளும் தந்த ஊர் அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதை எண்ணூரைக் கண்டவரே உணர்வர்.

முடிவுரை

மேற்கூறிய இடங்களைக் காணப் பெரும் பொருள் வேண்டா. கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார வண்டியில் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய மூன்றிடத்தும் இறங்கலாம். 2021 முதல் மெட்ரோ இரயிலும் விம்கோ நகர் வரை ஓடுகிறது. மக்கள் மதிக்காத சின்னத்தை எந்தச் சட்டமும் நெடுநாள் காக்க இயலாது. மக்கள் காணாத ஆறு மாசுபடுவதைக் கேட்பாரும் இரார். ஆதலின் மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் தொலைவிலுள்ள மலைகளுக்குப் பயணச்சீட்டு வாங்குமுன், ஒரு நாளை நம் ஊருக்கென ஒதுக்குங்கள். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.