பழைய கார் என்றால் கேள்வி கேட்க முடியாதா?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முதல் கார் வாங்குபவர்களில் பலர் பழைய வண்டியைத்தான் வாங்குகிறார்கள். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் கே.ஏ. பதிவெண் வண்டிகளும் நிறைய வருகின்றன. பத்தே நாளில் இன்ஜின் மக்கர் செய்தால், "பழைய வண்டிக்கு ஏது கேரண்டி? ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் முடிந்தது" என்று விற்றவர் சொல்வார். ஊரும் அதையே சொல்லும். அது தவறு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பழைய பொருளை விலக்கி வைக்கவில்லை. கார் கன்சல்டிங் நடத்துபவர் வணிகர், சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர். வாங்கிய காரைத் தானே வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும், அடிபட்ட வண்டியை 'ஆக்சிடென்ட் ஆகாதது' என்று விற்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் எட்டு வருடம் ஓடிய வண்டியில் கிளட்ச் தேய்ந்திருந்தால் அதைக் குறைபாடு என்று நிரூபிப்பது கடினம். தொழிலாக விற்காத பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம்தான் வழி.

"இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாச்சே!" அந்த வரி பொய்யைக் காப்பாற்றாது. பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தின் பேரில் நடந்த ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே தருகிறது. ஒரு நுணுக்கம் உண்டு. விற்றவர் பொய் சொல்லாமல், வாய் திறக்காமல் மறைத்திருந்தால், சாதாரணக் கவனத்தோடு பார்த்து நீங்களே அதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போக வேண்டும். "விபத்து நடந்ததா? மீட்டர் சரியா? கடன் பாக்கி உண்டா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்க வேண்டும். வரும் பதில் சாட்சியாகும். வாய்ப்பேச்சு, தகராறு வந்ததும் காணாமல் போய்விடும்.

நம் வட்டாரத்துக்காரரைப் பின்வாங்க வைப்பது இன்னொரு நம்பிக்கை: "பெங்களூரில் வாங்கினால் கேஸும் அங்கேதான்." 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில் அப்படி அலைய வேண்டியிருந்தது. 2019 சட்டம் அமலுக்கு வந்த 2020 ஜூலை 20 முதல், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். நமக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

பழைய வண்டி விற்பவருக்குக் கடைப் பலகை போதும் என்ற எண்ணமும் பழையது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கே.ஏ. வண்டி என்றால் கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

கடனில் வாங்கியிருந்தால், வண்டி சரியில்லை என்பதற்காக டியூ கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் ஒப்பந்தம் தனி. பைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் உங்கள் முக்கியச் சாட்சியமும் அதோடு போய்விடும். ரசீது, மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை, வாட்ஸ்அப் பதில்கள் மூன்றையும் வைத்துக்கொண்டு டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.