செல்போன்ல செஞ்சி, நேர்ல மண்டகப்பட்டு: ஊர் வரலாறு தேட அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, லீவு விட்டா செல்போன்ல ஏதோ ஒண்ணு பார்க்கத்தான் போறே. அதுல நம்ம ஊர் வரலாற்றையும் பாரேன். விழுப்புரம், திண்டிவனம் சுத்துவட்டாரத்துல பல்லவர் குடைவரையும் இருக்கு, பாறை ஓவியமும் இருக்கு, கல்லாப்போன மரமும் இருக்கு. எப்படித் தேடணும், எதை நம்பணும்னு சொல்றேன், கேட்டுக்கோ.

1. கிராமத்துப் பேரைப் போட்டுத் தேடு
'விழுப்புரம் வரலாறு'ன்னு தேடினா பொதுவான தகவல்தான் வரும். மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, எசாலம், எண்ணாயிரம், கீழ்வாலைன்னு தனித்தனியா தேடு. திண்டிவனம் பக்கம்னா பெருமுக்கல், மேல்சித்தாமூர். 'தென்னாற்காடு'ன்னும் போட்டுப் பாரு. 1993ல பிரிக்கிற வரைக்கும் நாம அந்த மாவட்டம்தான். பழைய படங்கள்ல அந்தப் பேர்தான் இருக்கும்.

2. பேசுறது யாருன்னு பாரு
'மர்மம்', 'புதையல்'னு தலைப்பு கத்துச்சுன்னா தாண்டிப் போயிடு. தொல்லியல் துறை வெளியீடு, தமிழ் பாரம்பரிய அறக்கட்டளையின் உரைகள், நம்ம மாவட்ட ஆய்வாளர் கோ. செங்குட்டுவன் மாதிரி களத்துக்குப் போறவங்க பேச்சு இதெல்லாம் முதல்ல பாரு. கல்வெட்டைக் காட்டாம மன்னர் பேரை மட்டும் அடுக்குற வீடியோவை அப்படியே நம்பாதே.

திருவக்கரைக் கல்மரத்தையே எடுத்துக்கோ. அசுரனோட எலும்புன்னு ஊர்க்கதை உண்டு. கதையாக் கேட்கலாம், நல்லா இருக்கும். ஆனா அது சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரம். வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்து மணலுக்குள்ள புதைஞ்சு, மரத்தோட திசு இருந்த இடத்துல சிலிக்கா ஏறிக் கல்லாயிடுச்சு. வேரும் கிளையும் இல்லாம வெறும் அடிமரமா கிடக்கிறதே, அது வேற இடத்துல இருந்து வந்ததுக்குச் சாட்சி. இந்தக் காரணத்தைச் சொல்ற வீடியோதான் நல்ல வீடியோ.

3. நிறுத்தி நிறுத்திப் பாரு
மண்டகப்பட்டு வீடியோவுல முகப்பு வந்ததும் பாஸ் பண்ணு. தூண் மேலயும் கீழயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை. ரெண்டு ஓரத்துலயும் வாயிற்காவலர். உள்ளே மூணு கருவறை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு விசித்திரசித்தன் எடுத்த கோயில்னு கல்வெட்டு சொல்லுது. விசித்திரசித்தன்னா முதலாம் மகேந்திரவர்மன். 7ஆம் நூற்றாண்டு ராஜா, எதையெல்லாம் சேர்க்கலைன்னு பெருமையாச் சொல்றார் பாரு!

4. ஒரே இடத்துக்கு ரெண்டு மூணு வீடியோ
2025 ஜூலையில மராட்டியரோட 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. அதுல தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டும்தான். மராட்டியர் கதையோட நிறுத்திடாதே. நாயக்கர் கல்யாண மஹால், 1698ல முகலாயர் பிடிச்சது, 1714ல தேசிங்கு ராஜா இறந்தது, 1750ல பிரெஞ்சுக்காரர், 1761ல ஆங்கிலேயர்னு வருஷ வரிசையா ஒரு தாள்ல எழுதிக்கோ. எந்த வீடியோ எந்தக் காலத்தை விட்டுடுச்சுன்னு உடனே தெரிஞ்சிடும்.

5. புத்தகத்தோட ஒத்துப்பாரு
வீடியோவுல வந்த தகவலையும் அது வந்த நிமிஷத்தையும் நோட்டுல குறிச்சுக்கோ. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதின 1906 தென்னாற்காடு கெஜட்டியர் இணையத்துல இலவசமாக் கிடைக்குது. தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்துலயும் தேடு. எண்ணாயிரத்துல ராஜேந்திர சோழன் காலத்துல ஒரு வேதக் கல்லூரி நடந்தது. கல்வெட்டுக் கணக்குப்படி மாணவர் 340, ஆசிரியர் 14. வீடியோவுல ஆயிரக்கணக்குல சொன்னா, அது அளப்புன்னு நீயே கண்டுபிடிச்சிடுவே.

6. பார்த்ததை நேர்ல போய்ப் பாரு
ஒரு வீடியோவுக்கு ஒரு ஊர்னு வெச்சுக்கோ. செஞ்சி ராஜகிரி ஏறணும்னா காலையிலேயே கிளம்பு, தண்ணி எடுத்துக்கோ. கீழ்வாலைப் பாறை ஓவியம் போட்டோவுல பளிச்சுன்னு விழணும்னு தண்ணி ஊத்தாதே, சாயம் போயிடும். கல்வெட்டு மேல சாக்பீஸ் தேய்க்காதே. திருவக்கரையில கல்மரத் துண்டு ஒண்ணுகூட எடுத்துட்டு வராதே.

7. நீயும் ஒண்ணு எடு
ஓமந்தூரார் 1947 முதல் 1949 வரைக்கும் சென்னை மாகாணப் பிரதமர். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர். அவரைப் பத்திப் புத்தகம் இருக்கு. ஆனா உன் தெருவுல ஏரி வேலை பார்த்த தாத்தா, மரக்காணம் உப்பளத்துல உழைச்ச ஆயா, இவங்களைப் பத்தி யாரு எழுதினா? அனுமதி கேட்டு, போனை ஆடாம வெச்சு, பேச விடு. ஊர், தேதி, பேசினவங்க வயசு மூணையும் ஆரம்பத்துலயே சொல்லிப் பதிவு பண்ணு. நடுவுல குறுக்கிடாதே.

இந்த வாரம் மண்டகப்பட்டுல ஆரம்பி. ராத்திரி வீடியோ, ஞாயித்துக்கிழமை காலையில மண்டகப்பட்டுக்குப் போக செஞ்சி பஸ். கல்வெட்டு முன்னாடி நின்னு எனக்கு போன் பண்ணு, மீதியை அங்கேயே பேசிக்கலாம்.