கண்ணாடியின் முதுகு

ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கண்ணாடி தொங்கியது. நல்ல மீன்பாடு கண்ட ஒரு வருஷம், அப்பா அறந்தாங்கியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. மூன்றாவது மழைக்காலம் முடியுமுன் அதன் கீழ் விளிம்பில் கறுப்பு ஏற ஆரம்பித்தது. அம்மா தினமும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது மேலே ஏறியது. "உப்புக்காத்து தின்னுடுச்சு" என்று சொல்லி, கடைசியில் பரணில் தூக்கிப் போட்டார்கள்.

பழைய கண்ணாடிகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான், அம்மா துடைத்த பக்கமே தவறு என்று எனக்குப் புரிந்தது. கறுப்பு முகத்தில் வருவதில்லை, முதுகில் வருகிறது. முன்பக்கம் இருப்பது வெறும் கண்ணாடிச் சில்லு, அதை உப்பு ஒன்றும் செய்யாது. பின்னால் பூசியிருக்கும் வெள்ளிப் படலம் ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதைக் காப்பது அதன்மேல் அடித்திருக்கும் வர்ணம். விளிம்பில் அந்த வர்ணம் எங்கே விரிகிறதோ அங்கே ஈரமும் உப்பும் நுழைந்துவிடும். எங்கள் ஊர்ப் பெண்களின் வெள்ளிக் கொலுசு ஏன் சீக்கிரம் கறுக்கிறதோ, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காற்றில் உப்பு, கருவாடு காயும் இடத்துக் காற்றில் கந்தகம். இரண்டுமே வெள்ளிக்கு ஆகாது.

இப்போது என் வீட்டுச் சுவர்களில் பதினொரு பழைய கண்ணாடிகள் இருக்கின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இவற்றைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் நான் காரைக்குடிக்குப் போவேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழைய சாமான் கடைகள். தூண், கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், நடுவே கண்ணாடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940கள் வரை செட்டிநாட்டில் எழும்பிய வீடுகளுக்கு பர்மாத் தேக்கும், இத்தாலிப் பளிங்கும், பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கின. பிறகு உலகப் போரில் பர்மா கைவிட்டுப்போனது. ஒரே வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள் ஆனார்கள். ஓடு மாற்றக்கூட ஒருமித்துப் பணம் போட முடியாமல் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அந்தத் தெருவில் ஒரு கண்ணாடியின் முன் நிற்கும்போதெல்லாம், எந்த வீட்டுக் கல்யாணத்தில் எந்தப் பெண் இதில் பூ வைத்துப் பார்த்தாளோ என்று நினைக்காமல் என்னால் விலை பேச முடிந்ததில்லை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. வீட்டோடு இருக்கும் கண்ணாடி வீட்டோடு இருப்பதே நல்லது. வீடு இடிந்து தெருவுக்கு வந்துவிட்டதை மட்டுமே நான் வாங்குகிறேன்.

எனக்கு முதலில் கண்ணாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அங்கே ஒரு கடைக்காரர். நான் சட்டத்துச் செதுக்கலைப் பார்த்து மயங்கி, "இது என்ன விலை பாய்?" என்றேன். அவர் விலை சொல்லவில்லை. "ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி மூஞ்சியவே பாக்குற? திருப்பிப் பாரும்மா" என்றார்.

திருப்பினேன். பின்பலகை நாலு துண்டாக அடித்திருந்தது. பலகைகள் சுருங்கி, இடையில் நகக்கண் நுழையும் இடைவெளி. இழைப்புளி ஓடிய தடம் கைக்குத் தட்டுப்பட்டது. ஆணித்தலைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பழுப்பேறிய காகிதம், அதில் வட்ட வட்டமாக பர்மிய எழுத்து. நூறு வருஷம் ஆன மரத்தின் பின்பக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுத்திருக்காது. காற்றுப் பட்ட இடம் கறுப்பாகவும், சட்டத்துக்குள் மறைந்த இடம் தேன் நிறமாகவும் இருக்கும். பின்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தாலோ, முழுக்க ஒரே பழுப்பாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். புதுச் சட்டத்தில் பழைய கண்ணாடி, பழைய சட்டத்தில் புதுக் கண்ணாடி இரண்டும் கடைகளில் உண்டு. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்குள்ள விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

பிறகு முகம். நகத்தைக் கண்ணாடியில் வைத்தால், நகத்துக்கும் நிழல் நகத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணாடியின் கனத்தைச் சொல்லும். வெள்ளைக் காகிதத்தைக் காட்டினால் நிழலில் அதன் நிறம் லேசாகச் சாம்பலாகவோ மஞ்சளாகவோ மாறினால் நல்ல அறிகுறி. தலையை மெல்ல அசைத்துக்கொண்டே ஜன்னல் கம்பியின் நிழலைப் பாருங்கள். பழைய இழுப்புக் கண்ணாடியாக இருந்தால் கம்பி நீரோட்டத்தில் தெரிவதுபோல நெளியும். உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு, வழுவழுப்பாகக் கண்ணாடி வார்க்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல்தான் அறிவித்தது. அப்படி வார்த்த புதுக் கண்ணாடியில் கம்பி நெளியாது. ஆனால் நெளியவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். தேய்த்து மெருகேற்றிய கனத்த பழைய கண்ணாடியும் நெளியாது. ஓரத்தில் சரிவாகத் தேய்த்த பெவலிங் இருந்தால் விரலை ஓட்டிப் பாருங்கள். கையால் தேய்த்த பழைய பெவலிங் அகலமாக, ஆழமில்லாமல், இன்ன இடத்தில் தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி சரியும்.

பெல்ஜியத்தில் சார்லெருவா வட்டாரம் கண்ணாடிக்குப் பேர்போனது, உலகமெங்கும் அனுப்பினார்கள். அதனால் நம் பக்கத்தில் கனமாக, தெளிவாக இருக்கும் எதற்கும் பெல்ஜியம் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயருக்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து ரசம். கண்ணாடிக் கடைகளில் இன்றும் "ரசம் பூசுறது", "ரசம் போச்சு" என்றுதான் பேச்சு. இப்போது பூசுவது வெள்ளி. சொல் மட்டும் பாதரசக் காலத்தோடு நின்றுவிட்டது. பதினாறாம் நூற்றாண்டு வெனிஸிலிருந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் வெள்ளீயத் தகட்டில் பாதரசம் ஊற்றித்தான் கண்ணாடி செய்தார்கள். செய்தவர்கள் நடுக்கு நோய் கண்டார்கள். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடியில் படிய வைக்கும் வழி கண்டார். அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் பாதரச முறை ஏறக்குறைய ஒழிந்தது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் வெள்ளிக் கண்ணாடிதான். ஒரே ஒரு முறை பாதரசக் கண்ணாடி என் கைக்கு வந்தது. முதுகில் வர்ணமே இல்லை, மெல்லிய சாம்பல் தகடு. நிழல் நீலம் பாய்ந்து, கீழ் விளிம்பில் உப்புப் பரல்போல மினுக்கம். அப்படி ஒன்று கிடைத்தால் சுரண்டாதீர்கள், முதுகை வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகள் படுக்கும் அறையிலோ அடுப்படியிலோ மாட்டாதீர்கள். நான் அதை வாங்காமல் விட்டுவிட்டேன். வெள்ளிக் கண்ணாடியிலும் பின்பக்கத்துச் செந்தூர நிற வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது.

போன ரசத்தைத் திரும்பப் பூசலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. நான் பூசினேன், ஒரு முறை. முதல் வருஷம் வாங்கிய முட்டைவடிவக் கண்ணாடியை ஒரு நகரத்துப் பட்டறையில் கொடுத்தேன். பழைய வெள்ளியை அமிலம் ஊற்றிக் கழுவியபோது பின்பக்கம் கீறல் விழுந்தது. புது ரசம் கீறல் ஒவ்வொன்றையும் பளிச்சென்று எடுத்துக் காட்டியது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த மங்கல் போனது. சாயங்கால வெளிச்சத்தில் அதில் முகம் பார்த்தால் விளக்கேற்றிய அறையில் பார்ப்பதுபோல இருக்கும். அதன் பிறகு என்னிடம் எந்தக் கண்ணாடிக்கும் ரசம் பூசியதில்லை. ரசம் உதிர்ந்த பொட்டுகளுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் ஒன்றைப் பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில் தளர்வாக வைக்கிறேன். பலகையின் நிறம் தெரியாமல் இருக்கும், அவ்வளவு போதும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது கண்ணாடியைப் படுக்க வைக்கவே கூடாது. நிற்க வைத்து, இரண்டு பக்கமும் பழைய நைலான் வலையைச் சுருட்டி அண்டக் கொடுப்பேன். வண்டி குலுங்கும்போது வலை மெத்தையைவிட நன்றாகத் தாங்குகிறது.

மாட்டுவதில்தான் நான் அதிகம் இழந்தேன். 6 மில்லிமீட்டர் கனமுள்ள மூன்றடிக்கு இரண்டடிக் கண்ணாடி மட்டும் எட்டு கிலோவுக்கு மேல் இருக்கும். தேக்குச் சட்டம் தனி. அதை இரும்புக் கட்டுக்கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டாம் வருஷம் ஒரு வாடைக்காற்று ராத்திரியில் துரு தின்ற கம்பி அறுந்து, கண்ணாடி தரையில் சிதறியது. மறுநாள் படகுத்துறையில் படகு கட்டும் ஓர் ஓடாவியிடம் போய், "அண்ணே, உப்புக்காத்துல நிக்கிற மாதிரி ஒரு தொங்கல் போட்டுக் குடுங்க" என்று கேட்டேன். அவர் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியத் தொங்க விடாதம்மா, உக்கார வையி" என்றார். கீழே இரண்டு தேக்கு முளை, பாரம் முழுக்க அதன்மேல். மேலே துருப்பிடிக்காத எஃகு வளையமும் கம்பியும், அது சாயாமல் பிடிக்க மட்டும். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடியின் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு மட்டுமென்று நினைத்திருந்தேன். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே காற்றுப் போக அது வழிவிடுகிறது என்பது எங்கள் ஊர்ச் சுவரில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது. இங்கே சுவரே உப்புப் பூக்கும். ஆகவே கீழ்ப்பக்கத்திலும் பழைய ஹவாய் செருப்பு ரப்பரை அரை அங்குலக் கனத்துக்கு வெட்டி, சட்டத்தின் பின்மூலைகளில் ஒட்டுகிறேன். கண்ணாடி சுவரைத் தொடவே கூடாது.

எந்தச் சுவர் என்பது அதற்கும் மேல். கடலைப் பார்த்த கிழக்குச் சுவர் வேண்டாம். கொண்டல் அடிக்கும் மாதங்களில் அது வேர்த்துக்கொண்டே இருக்கும். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். வீட்டின் நடுச்சுவர்தான் நல்லது, ஜன்னலுக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில். வெயில் நேராக விழாது, ஆனால் வெளிச்சம் சரிந்து வந்து சேரும். என் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறேன். அந்தக் கல்லைக் கண்ணாடித் தட்டின்மேல்தான் வார்க்கிறார்கள், அதன் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சாய்த்து மாட்டிய கண்ணாடியில் அந்தத் தரை முழுக்க விழுகிறது. காலை எட்டு மணிக்குச் சிவப்பும் பச்சையுமாக இன்னொரு அறை திறந்ததுபோல இருக்கும். பதினொன்றையும் ஒரே சுவரில் அடைக்கவில்லை. ஓர் அறைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. கண்ணாடிக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் கண்ணாடிக்குள் இருக்கும். எதிரே அலமாரிக் குப்பை இருந்தால் குப்பை இரட்டிப்பாகும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியுமுன் கரை கடந்தது. பல நாள் கரண்ட் இல்லை. அப்போது நடுச்சுவர்க் கண்ணாடி முன்னால், புகை படாத தூரத்தில் ஓர் அரிக்கேன் விளக்கை வைத்தோம். அந்த ஒற்றை விளக்கில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பழைய சுவர் விளக்குகளுக்குப் பின்னால் ஏன் சின்னக் கண்ணாடி வைத்தார்கள் என்று அன்று அம்மா சொல்லாமலே தெரிந்தது.

துடைப்பதற்குப் பழைய வேட்டித் துணி. நனைத்து, ஒட்டப் பிழிந்து, நடுவிலிருந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை. தண்ணீரையோ கடையில் விற்கும் திரவத்தையோ கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் அது வழிந்து, கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் தங்கி, முதுகுக்குப் போய்விடும். அம்மாவின் கண்ணாடி கீழிருந்து கறுத்தது அதனால்தான். எலுமிச்சை, வினிகர், விபூதி எதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டின் பசையை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சு எடுத்துவிடும். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. சட்டத்தின் மேல்கட்டையில் வையுங்கள்.

பரணில் கிடந்த அப்பாவின் கண்ணாடியை அம்மா போன பிறகு இறக்கினேன். முழங்கை உயரத்துக்குக் கறுப்பு. பின்பலகையை மட்டும் கழற்றித் தட்டி, உலர்த்தி, நடுச்சுவரில் முளைமேல் உட்கார வைத்தேன். கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு தடைக்காலத்திலும் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். ஓடாவி இந்த மாதம் முளைகளைப் பார்க்க வந்தபோது, போன வருஷக் கோட்டையும் இந்த வருஷக் கோட்டையும் அளக்கச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். "ஒரு நூல்கூட ஏறலம்மா" என்றார்.