பிரசவத்துக்குப் பின் உதிரப்பெருக்கு: ஆஸ்பத்திரியில் செய்யப்படும் சிகிச்சைகள்

சென்னைத் துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் 1880-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. சென்டிரல் ஸ்டேஷனுக்கு எதிரே சத்திரம் கட்டிய ராஜா சர் இராமசாமி முதலியாரின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியோடு இணைந்தது. வீட்டிலேயே பிள்ளை பெறுவது வழக்கமாயிருந்த அக்காலத்தில் ஏழை ஸ்திரீகளுக்கென ஒரு தனவந்தர் இத்தகைய தர்மத்தைச் செய்தது ஏன் என்பதை அறிய, பிரசவத்தில் நேரும் அபாயங்களுள் மிக விரைவானதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது குழந்தை பிறந்தபின் உண்டாகும் உதிரப்பெருக்கு.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு ஐந்நூறு மில்லி லிட்டருக்குக் குறையாத இரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்தவுடன் அவ்விடத்து இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால், அது நன்றாகச் சுருங்கும்போது குழாய்கள் கட்டுப்போட்டாற்போல் இறுகி அடைபடும். சுருங்காது தளர்ந்து கிடந்தால் உதிரம் நிற்காது. பெரும்பான்மையான உதிரப்பெருக்குக்கு இத்தளர்ச்சியே காரணம். நஞ்சின் துண்டு உள்ளே தங்குதல், பிரசவ வழி கிழிதல், இரத்தம் உறையாமை ஆகியவை ஏனைய காரணங்கள். சோகை பிடித்த உடம்பு சிறிது இரத்தம் போனாலும் தாங்காது.

எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும் தவறு. கர்நாடகத்தில் பெல்காமில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தாயின் அடியில் விரித்த அளவுக்கோடிட்ட பையில் சேர்ந்த உதிரத்தைவிடக் கண்மதிப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தே இருந்தது. கைதேர்ந்தவர் மதிப்பே இவ்வாறெனில், வீட்டில் பழந்துணியில் ஊறிப்போவதை அளப்பவர் யார்? 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தனர். இத்தகைய பையால் அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்த இடங்களில், கடும் உதிரப்பெருக்கும் அதன் விபரீதங்களும் மற்ற இடங்களைவிட 60 சதவிகிதம் குறைந்தன.

குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுவது முதற்காப்பு. இம்மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காவிடில் வீரியம் குன்றும். பெருக்கு உண்டாகிவிட்டால் வயிற்றின்மேல் கருப்பையைத் தேய்த்துச் சுருங்கச் செய்வர். மூத்திரப்பையைக் காலி செய்வர். மீண்டும் ஆக்ஸிடோசினும் நரம்பு வழியே உப்புநீரும் ஏற்றுவர். நஞ்சு முழுதும் வந்ததா, கிழிசல் உண்டா என்று பார்த்து அதற்கேற்றதைச் செய்வர். டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்தும் உண்டு. இருபதினாயிரம் ஸ்திரீகளிடம் செய்து 2017-இல் வெளியான பரீட்சையில், பிரசவித்த மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் உதிரப்போக்கால் நேரும் மரணம் குறைவதும், அதன்பின் கொடுத்தால் பயன் இல்லாமையும் தெரிந்தன.

இவற்றுக்கும் அடங்காவிடில் கருப்பைக்குள் ஒரு பலூனை வைத்து நீரால் நிரப்புவர். அது உள்ளிருந்து அழுத்தி உதிரத்தை நிறுத்தும். விலையுயர்ந்த பலூன் கிடையாத டாக்காவில் டாக்டர் சயேபா அக்தர் 2000-ஆம் ஆண்டில் ஒரு ரப்பர்க் குழாயில் ஆணுறையைக் கட்டி இதைச் செய்து காட்டினார். அம்முறை பல தேசங்களுக்கும் பரவிற்று. அதுவும் பலிக்காவிடில் வயிற்றைத் திறந்து, கால்சட்டை வாரைப் போலக் கருப்பையைச் சுற்றித் தைத்து அமுக்குவர். இதைக் கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் 1997-இல் வெளியிட்டார். இரத்தக் குழாய்களைக் கட்டுவதும் உண்டு. எல்லாம் தவறினால் தாயின் உயிரைக் காக்கக் கருப்பையையே எடுத்துவிடுவர். இதைக் கேட்டுச் சம்மதம் தரத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. உதிரம் ஓடும்போது மாமியாரையும் மாமனாரையும் தேடிச் சென்று யோசனை கேட்க நேரமில்லை. அதைப் பிரசவத்துக்கு முன்னரே பேசி முடித்துக்கொள்வது நலம்.

இச்சிகிச்சைகள் யாவும் இரத்தம் இருந்தால்தான் முற்றுப்பெறும். சங்க அங்கத்தினர் செய்யக்கூடிய பேருதவி இதுவே. இரத்தம் கொடுத்தால் ஆண்மை குன்றும், உடல் வற்றும் என்பவை வீண் வார்த்தைகள். 18 வயது நிறைந்த ஆரோக்கியமான ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஒரு தடவை எடுப்பது 350 அல்லது 450 மில்லி லிட்டரே. நெருக்கடி வந்தபின் ஆள் தேடுவதைவிட, முன்னதாகவே இரத்த வங்கியில் கொடுத்து வைப்பதே பயன் தரும். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரிப்பதும், எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வழியாகப் போவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் சங்கத்தால் இயலும். 108 வண்டி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது.

வீடு திரும்பிய பிறகும் அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. பிரசவித்து 12 வாரம் வரை பெருக்கு நேரலாம். ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, தாய்க்கு மயக்கமும் படபடப்பும் கண்டாலோ, கஷாயம் காய்ச்சிக் கொண்டிராமல் உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.